ஒரு விரல் சுண்ணாம்பு… கரிசல் காட்டின் விடியற்காலை ருசி!

மகாராஷ்டிராவில், பால்கர் மாவட்டத்தின் கடலோரத்தில் போர்டி என்று ஓர் ஊர். சப்போட்டாவுக்குப் பேர்போன பகுதி அது. அந்த வட்டாரத்து 'தஹாணு கோல்வட்' சப்போட்டாவுக்குப் புவிசார் குறியீடுகூட உண்டு. ஆனால், சப்போட்டா பொல்லாத பழம். காயாக இருக்கும்வரை கல்லு மாதிரி இருக்கும். கனியத் தொடங்கினால் இரண்டே நாளில் குழைந்துவிடும். சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வீணாகிவிடும் பழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரியங்கா சாவே என்ற பெண்மணி அதை ஒயின் ஆக்கினார். போர்டியில் 'ஹில் ஸில்' என்ற அவரது ஆலை, சப்போட்டாவில் ஒயின் செய்து இந்தியாவைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

அருணாச்சலப் பிரதேசத்தின் ஸீரோ பள்ளத்தாக்கில் விலைபோகாமல் கிடந்த கிவி பழத்தை 'நாரா ஆபா' என்ற ஒயின் ஆக்கினார் டாகே ரீட்டா என்ற வேளாண் பொறியாளர். பக்கத்தில் கேரளத்தில், வேளாண் பல்கலைக்கழகமே 'நிளா' என்ற பெயரில் முந்திரிப்பழம், அன்னாசி, வாழைப்பழங்களில் ஒயின் செய்கிறது. நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு போய், ஆலையைச் சுற்றிப் பார்த்து, நாலைந்து வகையை ஒவ்வொரு மடக்கு ருசித்துவிட்டு வருவது பெரிய சுற்றுலாவாகவே வளர்ந்துவிட்டது.

சரி, நம் கோவில்பட்டியில்? ஆலை என்று கேட்டால் தீப்பெட்டி ஆலையைக் காட்டுவார்கள். ருசி என்று கேட்டால் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைக் கையில் கொடுப்பார்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் ஆயிற்றே! பழ ஒயின் ஆலைக்கெல்லாம் இங்கே இடமில்லை. இலந்தை, நாவல், நெல்லி என்று காட்டுப் பழங்கள் உண்டு. அவை பள்ளிக்கூட வாசலில் உப்பு, மிளகாய்த்தூளோடு தீர்ந்துபோகும்.

ஆனாலும் இந்தக் கரிசல் பூமியில் ருசி பார்க்கக் கிளம்பிப் போகவேண்டிய ஒரு பானம் இருக்கிறது. ஒயினுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அண்ணன் மாதிரி ஆகிவிடாமல் ஒரு விரல் சுண்ணாம்பு அதைத் தடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பதநீரைத்தான் சொல்கிறேன்.

எட்டு மணிக்குள் போய்விடுங்கள்!

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாக வேம்பார்க் கடற்கரை வரை போகிற சாலையைப் பிடியுங்கள். கம்பு, சோளம், உளுந்து, பருத்தி, மிளகாய் என்று வானத்தை நம்பி விதைக்கிற மானாவாரிக் காடுகள் இரண்டு பக்கமும் விரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விளைந்ததை எடுத்துவிட்டால், பங்குனி, சித்திரையில் நிலம் வெடிப்பு விட்டு வாய் பிளந்து கிடக்கும். பச்சை என்று கண்ணுக்குத் தெரிவது இரண்டுதான். ஒன்று, யாரும் கேட்காமலே வளரும் சீமைக்கருவேலம். இன்னொன்று, கண்மாய்க் கரையிலும் ஓடையோரத்திலும் வரப்புகளிலும் நிற்கும் பனை. கடலை நெருங்க நெருங்கக் கரிசல் விலகி மணல் தலைகாட்டும்; பனையும் கூட்டம் கூட்டமாகும். வேம்பார் கருப்பட்டிக்குச் சுற்றுவட்டாரத்தில் தனிப் பேர்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மண்ணில் மற்ற எல்லாம் காய்ந்து கிடக்கும் மாதங்களில்தான் பனை சுரக்கிறது. தை, மாசியில் ஆரம்பித்து, வெயில் ஏற ஏறச் சுரப்பும் ஏறி, ஆனி வாக்கில் அடங்கும். குடத்துத் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஊர்களில்கூட, மரத்து உச்சியில் கலயம் நிறைந்துகொண்டிருக்கும்.

ஒயின் ஆலைக்குச் சாயங்காலம் போகலாம். பதநீருக்கு அது நடக்காது. இரவெல்லாம் சொட்டியது விடியலில் இறங்கும். காலை எட்டு மணிக்குள் நீங்கள் மரத்தடியில் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு மிச்சமிருப்பது அடுப்புக்குப் போய்விடும்.

மரத்தடியில் டம்ளர் கேட்காதீர்கள். பனங்குருத்தோலையை மடித்து இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கட்டிய பட்டையில் ஊற்றுவார்கள். இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கவேண்டும். ஒயின் ருசிப்பவர்கள் முதலில் நிறம் பார்ப்பார்கள், பிறகு மணம், பிறகுதான் வாய். அதே முறையை இங்கேயும் செய்து பாருங்களேன். நிறம், அரிசி கழுவிய இரண்டாவது தண்ணீர் போல லேசான கலங்கல், அது சுண்ணாம்பு. மணம், பச்சை ஓலையும் ஈர மண்பானையும் கலந்தது. வாயில் வைத்ததும் முதலில் இனிப்பு, கரும்புச்சாறு போலத் திகட்டாத இனிப்பு. விழுங்கிய பிறகு அடிநாக்கில் சுண்ணாம்பின் ஒரு மெல்லிய உறைப்பு. சுண்ணாம்பு கூடிப்போயிருந்தால் அந்த உறைப்பு முன்னால் வந்து நிற்கும். குறைந்துபோயிருந்தால் நாக்கின் ஓரத்தில் ஒரு சின்னச் சுருக், மூக்கில் ஒரு புளித்த வாசம். பதநீர் அண்ணன் வழியில் போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இளசான நுங்கைப் பிதுக்கிப் போட்டுக் குடிப்பவர்கள் உண்டு. புளிப்பு மாங்காயைச் சீவிப்போட்டுக் குடிப்பவர்கள் உண்டு. என் ஓட்டு மாங்காய்க்கு! அந்தப் புளிப்பு, சுண்ணாம்பின் உறைப்பைச் சரிக்கட்டிவிடுகிறது. வெறும் வயிற்றில் முதல்முறை குடிப்பவர்கள் ஒரு பட்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆசைப்பட்டு மூன்று பட்டை குடித்தால், திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லவேண்டி வரலாம்.

கலயத்துக்குள் நடக்கும் பந்தயம்

ஒயின் எப்படி உருவாகிறது? பழச்சாற்றில் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் என்ற நுண்ணுயிரி அந்தச் சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஒயின் திராட்சையில் 20 முதல் 25 சதவிகிதம் வரை சர்க்கரை இருப்பதால், ஆல்கஹாலும் 12, 13 சதவிகிதம் வரை ஏறுகிறது. சர்க்கரை குறைந்த பழம் என்றால் வெளியிலிருந்து சர்க்கரை சேர்ப்பார்கள். எஃகுத் தொட்டியில் அடைத்து, வெப்பத்தைக் கட்டுப்படுத்தி, வாரக்கணக்கில் காத்திருப்பார்கள்.

பனைக்கு இந்தக் காத்திருப்பெல்லாம் இல்லை. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் ஏறக்குறைய 12 சதவிகிதம் சர்க்கரை. ஈஸ்ட்டை யாரும் வாங்கிப் போடவேண்டியதில்லை. காற்றில் இருக்கிறது, பூச்சியின் காலில் இருக்கிறது, பழைய கலயத்தின் நுண்துளைகளில் தூங்கிக்கொண்டிருக்கிறது. சொட்டு விழுந்த நிமிடத்திலேயே வேலை ஆரம்பம். கோடை வெயிலில் சில மணி நேரத்தில் நுரைத்துவிடும். அதுதான் கள், ஆல்கஹால் 4 முதல் 6 சதவிகிதம் வரை இருக்கும். ஒயினைப் போல வைத்திருந்து ருசி கூட்டவும் முடியாது. ஒரு நாள் கடந்தால் அடுத்த கூட்டம், அதாவது காடி செய்யும் பாக்டீரியா உள்ளே வந்து ஆல்கஹாலைப் புளிங்காடியாக்கிவிடும்.

இந்தப் பந்தயத்தைத் தடுப்பதுதான் சுண்ணாம்பு. கலயத்தைக் கட்டுவதற்கு முன், அதன் உள்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பைத் தடவிவிடுகிறார் பனையேறி. ஈஸ்ட்டுக்குக் கொஞ்சம் புளிப்பான சூழல்தான் பிடிக்கும். சுண்ணாம்பு சேர்ந்ததும் சாறு காரத்தன்மை அடைந்துவிடுவதால், அதன் ஆட்டம் அடங்கிவிடுகிறது.

எவ்வளவு தடவவேண்டும்? அளவுகரண்டி எதுவும் கிடையாது, விரல்தான். பகலில் கட்டுகிற கலயத்துக்குக் கொஞ்சம் கூடுதல், இரவுக் கலயத்துக்குக் குறைவு. வெயில் அடித்தால் ஒரு கணக்கு, மூடாக்குப் போட்டுப் புழுங்கினால் இன்னொரு கணக்கு. அதிகம் சுரக்கும் மரத்துக்கும் சோம்பேறி மரத்துக்கும் ஒரே அளவு செல்லாது. போர்டியில் வெப்பமானியும் ஆய்வகமும் செய்கிற வேலையை இங்கே ஒரு விரல் செய்கிறது.

அந்த விரல் தப்பினால் என்ன ஆகும்? சுண்ணாம்பு குறைந்து புளித்துவிட்டால், அதைப் பதநீர் என்று விற்க முடியாது. சரி, காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கிவிடலாமே என்றால், புளித்த சாற்றில் சர்க்கரையின் கட்டமைப்பே உடைந்துபோயிருக்கும். எவ்வளவு காய்ச்சினாலும் பாகாக இழுக்குமே தவிர, கட்டியாக இறுகாது. கள்ளாக விற்றுவிடலாமே என்றால், அது தமிழ்நாட்டில் குற்றம். ஒரே நேரத்தில் மூன்று கதவும் சாத்திக்கொள்ளும். அன்றைய ஏற்றமும் இறக்கமும் மண்ணில் ஊற்றப்படும்.

பெரிய கோயில் விமானத்துக்கு 9 முறை

ஏற்றம் என்று சொன்னேன். அது என்ன சின்ன வேலையா?

பனையில் ஆண், பெண் என இரண்டு மரம். இரண்டிலும் பதநீர் இறக்கலாம். பெண் பனையில் பாளையைச் சீவினால், அந்தக் குலையில் நுங்கு கிடைக்காது. ஒன்றை விட்டுத்தான் இன்னொன்று. பாளை வெளியே வந்ததும், கடிப்பு என்கிற மர இடுக்கியால் அதைப் பதமாக நசுக்கிவிட வேண்டும். பலமாக நசுக்கினால் பாளை செத்துவிடும். போதாமல் நசுக்கினால் சுரக்காது. இப்படிப் பல நாள் நசுக்கி, நுனியைச் சீவிச் சீவிப் பழக்கிய பிறகுதான் முதல் சொட்டு விழும். அதற்குப் பிறகு காலையும் மாலையும் தவறாமல் ஏறி, பாளை நுனியைக் காகிதம் போல மெல்லியதாகச் சீவவேண்டும். சீவாமல் விட்டால் காயம் ஆறி, மரம் வாயை மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை, கல்யாணம், காய்ச்சல் எதற்கும் விடுப்பு கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 25 மரம் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் 40 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஏறுவது மட்டும் நாளுக்கு 2,000 அடி. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி. அதன் உச்சிக்கு நாளொன்றுக்கு 9 முறை ஏறி இறங்குவதற்குச் சமம். அதுவும் படிக்கட்டில் அல்ல. காலில் ஒரு தளைக்கயிறு, இடுப்பில் அரிவாள் பெட்டி, நெஞ்சை உரசும் சொரசொரப்பான மரம். பனையேறிகளின் நெஞ்சிலும் முன்கையிலும் காய்த்துப்போன தழும்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தால் பட்டைப் பதநீருக்குப் பேரம் பேச வாய் வராது.

மழை தூறினால் மரம் வழுக்கும். காய்ந்த மட்டையை நம்பிக் கை வைத்தால் அது கழன்றுகொண்டு வரும். விழுந்தால் உயிர் தப்பினாலும் முதுகெலும்பு தப்பாது. பனைமரத் தொழிலாளர்களுக்கென்று அரசு நல வாரியம் இருக்கிறது. மரம் ஏறும் கருவிகளும் வந்திருக்கின்றன. தென்னைக்குப் பொருந்துகிற கருவி, அடியில் பருத்து நடுவில் மெலிந்து, மட்டைச் சொச்சங்களோடு நிற்கிற எல்லாப் பனைக்கும் அப்படியே பொருந்துவதில்லை. கருவி மேலே கொண்டுபோய் விட்டாலும், மட்டைகளுக்கு இடையே நுழைந்து பாளையைச் சீவுவது மனுஷன் கைதான்.

இதனால்தான் பெரியவர்கள் பலரும் 'இந்தத் தொழில் நம்மோடு போகட்டும்' என்று பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் விளைவு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 5 கோடிப் பனை இருப்பதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. மாநில மரமும் அதுதான். அதில் பெரும்பகுதி மரங்களில் யாரும் ஏறுவதில்லை. ஏறாத மரம் வருமானம் தராது. வருமானம் தராத மரம் செங்கல் சூளைக்குப் போகும். 2021-ல் வந்த தமிழகத்தின் முதல் வேளாண் பட்ஜெட்டில், 3 கோடி ரூபாயில் 76 லட்சம் பனை விதைகளும் 1 லட்சம் கன்றுகளும் தருவதாக அறிவித்தார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்றும் சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் இன்று நட்ட விதை பாளை விட 15 வருஷத்துக்கு மேல் ஆகும். அன்றைக்கு அதில் ஏறத் தெரிந்தவர் யார் இருப்பார் என்பதற்கு பட்ஜெட்டில் பதில் இல்லை.

கள் சண்டையில் மறந்துபோன பதநீர்

பனை என்றாலே தமிழ்நாட்டில் பேச்சு கள்ளுக்குப் போய்விடும். அதற்குக் காரணம் இருக்கிறது.

ராஜாஜி சென்னை மாகாண பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் தளர்ந்து, 1974-ல் அவர் ஆட்சியிலேயே மறுபடி இறுகியது. 1981-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் கள்ளும் சாராயமும் திரும்பி வந்தன; 1987 ஜனவரி 1 முதல் மீண்டும் தடை. கள்ளுக்கான அந்தத் தடை இன்றுவரை தொடர்கிறது. 1983-ல் பிறந்த டாஸ்மாக்கின் கதை உங்களுக்குத் தெரியும்.

'கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள் விற்கலாம், இங்கே மட்டும் ஏன் கூடாது? அயல்நாட்டு மது வகைகளை அரசே விற்கும்போது, மரத்திலிருந்து இறங்குவது மட்டும் எப்படிக் குற்றம்?' என்ற கேள்வி பல வருஷமாக ஒலிக்கிறது. நியாயமான கேள்விதான். அதே நேரம், கள்ளுக்கடைக் காலத்தில் போதைக்காகக் கலந்த ரசாயனங்களையும், கூலி வீடு வந்து சேராத வீடுகளையும் மறந்துவிட்டுப் பேசவும் முடியாது. அந்த வழக்கை இங்கே தீர்க்கப்போவதில்லை.

என் வருத்தம் வேறு. இந்தச் சண்டையில், சட்டமே அனுமதிக்கிற பதநீரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. காந்தி 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது, அதன் செயலாளராக இருந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. கள் இறக்குபவர்களின் பிழைப்பைப் பறிக்காமல் மதுவிலக்கு எப்படி என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட பதில், பதநீரும் பனைவெல்லமும்தான். மதுவை மூடுவதற்கும் பனைவெல்லத்தைத் தூக்கிப் பிடிப்பதற்கும் அன்று ஒரே கூட்டம் உழைத்தது. இன்று மூடுவது மட்டும்தான் மிச்சம்.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கேயும் பனைதான் அடையாளம். பனை அபிவிருத்திச் சபை என்று 1978-லிருந்து ஓர் அரசு அமைப்பே இருக்கிறது. கள் இறக்குபவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், கள்ளைக் கெடாமல் போத்தலில் அடைக்கும் ஏற்பாடு, வடமராட்சியில் திக்கம் வடிசாலை என்று ஒரு சங்கிலியே உருவானது. போருக்கு நடுவிலும் அங்கே பனைக்கு ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது.

இங்கே நகரத்துச் சாலையோரம் 'சுத்தமான பதநீர்' என்று எழுதிவைத்து, சாக்கரின் கலந்த தண்ணீரை விற்பவர்களும் இருக்கிறார்கள். நண்பகல் 12 மணிக்கு, பச்சை ஓலையைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் கேனில் பதநீர் கிடைத்தால் ஒரு முறை யோசியுங்கள். அது எப்போது, எங்கே இறங்கியது? பனிக்கட்டிக்கு நடுவில் வந்ததா? இரண்டு கேள்விக்கும் பதில் வராவிட்டால் மோர் குடித்துக்கொள்ளலாம்.

விடிலியில் கொதிக்கும் மிச்சம்

குடித்தது போக மிச்சப் பதநீர் போகும் இடம் விடிலி. ஓலை வேய்ந்த காய்ச்சுக் கொட்டகைக்குத் தென்மாவட்டங்களில் அதுதான் பேர். மரத்தில் ஏறுவது ஆண்கள் என்றால், விடிலி பெண்களின் ராஜ்ஜியம். புகையும் அவர்களுக்குத்தான்.

வடிகட்டிய பதநீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, காய்ந்த மட்டையும் முள்விறகும் போட்டு எரிப்பார்கள். பொங்கி வழியப் பார்க்கும்போது, ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் நுரை சட்டென்று அடங்கும். இரண்டு, மூன்று மணி நேரம் காய்ந்த பிறகு, தேன் நிறத்தில் குழகுழவென்று வரும் பதத்துக்குக் கூப்பனி என்று பெயர். விடிலிக்குப் போகிறவர்கள் தவறவிடக்கூடாத ருசி இது. சுடச்சுட ஒரு கரண்டி வாங்கி, ஆறவிட்டு நக்கிப் பாருங்கள். பதநீரில் இருந்த சுண்ணாம்பு உறைப்பு காணாமல் போயிருக்கும். புகையும் லேசான கசப்பும் கலந்த ஓர் ஆழம் வந்திருக்கும். ஒயின்காரர்கள் ஓக் பீப்பாயில் வருஷக்கணக்காகப் போட்டு வரவழைக்கிற புகைவாசம், இங்கே ஒரு காலைப்பொழுதில் வந்துவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் காய்ச்சி, துடுப்பால் இடைவிடாமல் கிண்டி, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. சுக்கு, ஏலம் தட்டிப்போட்டுச் சின்னதாக வார்த்தால் சில்லுக்கருப்பட்டி. கோவில்பட்டி, சாத்தூர்க் கடைகளில் எண்ணெயில் பிழிந்து, பாகில் முக்கி எடுக்கும் கருப்பட்டி மிட்டாய்க்கு உயிர் இதுதான். சீனிப்பாகில் போட்ட மிட்டாயையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்று பாருங்கள், வித்தியாசம் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பதநீர் வேண்டும். அதோடு விறகு, மூன்று மணி நேரப் புகை, அந்த 2,000 அடி. இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், சீனியை விடச் சற்றே கூடுதல் விலைக்குக் கடையில் கிடைக்கும் 'கருப்பட்டி' என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே புரியும். சீனியைக் கரைத்துக் காய்ச்சி, நிறத்துக்குக் கொஞ்சம் கருப்பட்டி சேர்த்து வார்ப்பது ஊரறிந்த ரகசியம். அசல் கருப்பட்டி மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கசியும், பிசுபிசுக்கும். அதைப் பார்த்து 'கெட்டுப்போச்சு' என்று தூக்கிப் போடுகிறோம். ஐப்பசியிலும் கல்லு மாதிரி மினுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து 'நல்ல சரக்கு' என்று வாங்குகிறோம். கலப்படக்காரருக்கு நாமே கடை போட்டுக் கொடுப்பது போலத்தான் இது.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். கருப்பட்டியில் இரும்பு உள்ளிட்ட தாதுக்கள் வெள்ளைச் சீனியை விட அதிகம்தான். ஆனால் அதன் பெரும்பகுதியும் சர்க்கரையே. 'கருப்பட்டி காப்பி, எவ்வளவு குடித்தாலும் சுகர் ஏறாது' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, சர்க்கரை நோய் உள்ள தாத்தாவுக்குத் தாராளமாகக் கொடுத்துவிடாதீர்கள். பதநீருக்கும் இதே கதைதான்.

விலையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சித்திரை, வைகாசியில் எல்லா விடிலியிலும் கருப்பட்டி குவியும்போது விலை இறங்கிக் கிடக்கும். ஆடியில் கலயங்கள் கீழே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில், ஊரெல்லாம் சுக்குக்காப்பி தேடும் மழைக்காலத்தில், விலை ஏறும். அதுவரை பரணில் புகை படும்படி பத்திரப்படுத்தி வைத்திருப்பவருக்கு லாபம். ஆனால் பருவம் தொடங்கும்போதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவரால் வைத்திருக்க முடியாது. இறக்க இறக்கக் கொடுத்துவிட வேண்டும். ஏறியவர் ஒருவர், ஏறின விலை இன்னொருவருக்கு.

அதனால், அடுத்த சித்திரையில் அந்தப் பக்கம் போனால், பதநீர் குடித்த கையோடு வருஷத்துக்கு வேண்டிய கருப்பட்டியை விடிலியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கூப்பனிக்கு ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியும் எடுத்துப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் கருப்பட்டியை ஓலைப் பெட்டியிலோ மண்பானையிலோ போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பதநீரை மட்டும் பாட்டிலில் பிடித்து ஊருக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். கோவில்பட்டி வருவதற்குள் மூடி தானாகக் கழன்றுகொள்ளும்.